செருகாத வேப்பிலை

பிப்ரவரி 26

கிடைத்துவிட்டது. கிடைத்தேவிட்டது! மேனேஜர் டிசோசா அறைக்குக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல், “தமயந்தி, ஜனாதிபதி ஃப்ளைட்டுக்கு உன் பேர் வந்திருக்கு” என்றார். “மெயினா, ஸ்டாண்ட்பையா சார்?” என்று கேட்டேன். “மெயின்” என்றார். அந்த ஆளின் வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் வைக்கலாம் போல இருந்தது.

ஜனாதிபதி வெளிநாடு கிளம்பும்போதெல்லாம் எங்கள் கம்பெனி இரண்டு ஜம்போ விமானங்களைத் தினசரி ஓட்டத்திலிருந்து எடுத்துவிடும். ஒன்றில் அவர் போவார். இன்னொன்று, அதே மாதிரி கட்டில், மேஜை, சிங்க முத்திரை போட்ட தட்டு எல்லாம் வைத்து, முதல் விமானம் மக்கர் பண்ணினால் கிளம்புவதற்குத் தயாராக நிற்கும். நான் இரண்டு தடவை அந்த மாற்று விமானத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, யாரும் படுக்காத கட்டிலுக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறேன். பெரியவர் பத்திரமாகப் போய் இறங்கினார் என்று தகவல் வந்ததும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். மெயினில் போன பெண்கள் எல்லாம் நல்ல சிவப்பு. நான் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாதா? யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. போட்டோவைப் பார்ப்பார்கள், “அடுத்த தடவை பார்க்கலாம்” என்பார்கள். அடுத்த வருஷம் எனக்கு வயது வரம்பு. தரையில் இறக்கி டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, மேடையில் பகுத்தறிவு, வீட்டில் வாய்ப்பேச்சு. “ஜனாதிபதியும் மனுஷன்தான. எல்லாருக்கும் குடுக்குற காபியத்தான அவருக்கும் குடுக்கப் போற?” என்றார். பொறாமை! ஆனாலும் சாயங்காலம் அல்வா வாங்கி வந்தார்.

மார்ச் 1

ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். மகள் சுடர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மடியில் படுத்துத் தூங்கிப்போனாள். உடம்பு கொஞ்சம் சூடு. பழவந்தாங்கல் வெயில் அப்படி.

மார்ச் 2

சுடரின் நெற்றியில் இரண்டு மூன்று பொரி. வேர்க்குரு. பவுடர் போட்டுவிட்டேன்.

மார்ச் 3

வேர்க்குரு இல்லையாம். சொன்னது இவருடைய அக்கா காசியம்மாள். நான் பறக்கும் நாட்களில் சுடரைப் பார்த்துக்கொள்ள வாலாஜாவிலிருந்து வந்து எங்களோடேயே இருந்துவிட்டவர். குழந்தையின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார், செருப்பைக் கழற்றி மூலையில் போட்டார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தா வந்துக்கிறா தமயந்தி. பாரு, நீர் கோத்துக்குனு கீது. வேப்பில ஒடிச்சிக்கினு வா. வாசல்ல சொருவணும்.”

வாசலிலா? கம்பெனி வேன் வாசலுக்கே வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகும். வேனில் நாலு பேர் இருப்பார்கள், எட்டுக் கண் இருக்கும். நிலையில் வேப்பிலையைப் பார்த்தால் அடுத்த நிமிஷம் டிசோசாவுக்குத் தெரியும். அதற்கடுத்த நிமிஷம் என் இடத்தில் ஒரு சிவப்பி இருப்பாள்.

“உள்ளயே வைங்க அண்ணி, போதும்” என்றேன்.

“அது எப்டிம்மா போதும்? வாசல்ல இருந்தாத்தான் நாலு பேரு பாத்து ஒதுங்கிப் போவாங்க. கைக்கொழந்தக்காரி வருவா, புள்ளத்தாச்சி வருவா. தெரியாம உள்ள வந்துட்டா இன்னா பண்றது?”

இவர் வந்தார். “அக்கா, ஆத்தாவும் இல்ல, தாத்தாவும் இல்ல. அது வைரஸ். ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தருக்கு ஒட்டும். தமயந்தி, நீ நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடு” என்றார். இதென்ன கூத்து! சாமி கும்பிடுகிறவரும் சொல் என்கிறார், கும்பிடாதவரும் சொல் என்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவும் தம்பியும் ஒரே கட்சி.

எனக்கா பிரிக்கத் தெரியாது? இவரிடம், “உங்க வீட்டு வாசல்ல வேப்பில தொங்குனா உங்க ஆளுங்க சிரிக்க மாட்டாங்க?” என்றேன். இவர் முகம் சுருங்கியது. ஆபீஸ் பேச்சும் அதோடு போயிற்று. அண்ணியிடம் தனியாக, “வந்தவள ஊரெல்லாம் தமுக்கு அடிச்சா ஆத்தாவுக்குப் பிடிக்குமா அண்ணி?” என்றேன். வேப்பிலை உள்ளறைக் கட்டிலோடு நின்றது.

நான் செய்தது கெட்டிக்காரத்தனம். வேறொன்றும் இல்லை.

மார்ச் 6

குழந்தைக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர் ஊற்றினோம். வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. இவர் மறுப்பில்லாமல் உப்புச்சப்பில்லாத ரசத்தைக் குடிக்கிறார். சுடருக்கு அரிப்பு தாங்கவில்லை. வேப்பங்கொழுந்தால் நான்தான் வருடிக் கொடுக்கிறேன். என்னைத் தவிர யாரும் தொடக்கூடாதாம் மகாராணியை.

அண்ணி கேட்டார்: “உனுக்குச் சின்ன வயசுல போட்டுக்குதா?”

“போட்டிருக்கு” என்றேன். வேப்பிலைப் படுக்கை நன்றாக நினைவிருக்கிறது. அறை முழுக்க அந்த வாசனை. கசப்பும் குளிர்ச்சியும். போட்டிருக்கத்தான் வேண்டும்.

மார்ச் 10, பம்பாய்

விமானத்துக்குள் ஏறிப் பார்த்துவிட்டேன். அடேயப்பா! நேற்றுவரை துபாய்க்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன அதே வண்டி. இருமல் மருந்தும் ஊறுகாயும் மணத்த அதே முன்பகுதி. இப்போது இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு கட்டில், எழுதுகிற மேஜை, பூ வேலை செய்த திரை. கட்டிலுக்கும் பெல்ட் உண்டு. ஜனாதிபதியானாலும் குலுங்கினால் கட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும். விமானம் முழுக்க ஜன்னல் கண்ணாடிகளை ஒருவன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நாய் வந்து ஒவ்வொரு தலையணையாக முகர்ந்தது. என் கைப்பையையும் முகர்ந்தது. என்னமோ எனக்கு வியர்த்துவிட்டது. பையில் புடவை ஊசியும் சுடரின் போட்டோவும்தான் இருந்தன.

மெட்ராஸிலிருந்து என்னோடு வந்திருப்பது செண்பகவல்லி. கோவில்பட்டிப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் புடவை மடிப்பைப் பார்த்துத் தன்னுடையதைச் சரிசெய்துகொள்கிறவள். எங்கள் இருவருக்கும் ஒரே சமையலிடம், ஒரே ஓட்டல் அறை. “ஏக்கா, எனக்குப் பயமாருக்கு. கை தவறி அவர் மேல கொட்டிட்டேன்னா?” என்றாள். “கொட்டினா கொட்டுன இடத்துலயே நில்லு. துடைக்கிறேன்னு கையக் கொண்டுபோகாத, செக்யூரிட்டிக்காரன் உடைச்சிடுவான்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 12

கம்பெனி டாக்டர் எல்லோரையும் பரிசோதித்தார். தொண்டை, நாடி, சூடு. கடைசியாக, “வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கொப்புளம், ஏதாவது?” என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இல்லை என்றேன்.

மதியம் சாப்பாடு நன்றாக இருந்தது. மீன் குழம்பு.

மார்ச் 14

பறந்தோம். கொடி, பூச்செண்டு, வாத்தியம், மந்திரிமார்கள். படியில் ஏறி வந்தவர் எங்கள் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டார். எனக்கும் போட்டார். உயரமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான்.

அவருக்குத் தட்டு வைத்தபோது ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. டிசோசா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

மார்ச் 17, திரும்பும் வழி

இதை விமானத்திலேயே எழுதுகிறேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுவோம். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருக்கிறது. நான்கு நாள் நின்றுகொண்டே இருந்தால் வலிக்காதா?

பெரியவர் தயிர்சாதம் கேட்டார். குழையப் பிசைந்து கொண்டுபோனேன். எந்த ஊர் என்றார், சொன்னேன். குழந்தைகள் உண்டா என்றார். ஒரு பெண், ஏழு வயது என்றேன். “நன்றாக இருக்கிறாளா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மரியாதைக்குக் கேட்கிற கேள்வி. நன்றாக இருக்கிறாள் என்றேன். அவருக்கு அந்த நாட்டில் கொடுத்த சாக்லேட் பெட்டி ஒன்றை எடுத்து, “மகளுக்கு” என்று என் கையில் வைத்தார். அவர் விரல் என் விரலில் பட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். நானோ விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

சமையலிடத்துக்கு வந்தால் செண்பகம் தொட்டியில் குனிந்து ஓங்கரிக்கிறாள். தலையைப் பிடித்துக்கொண்டேன். முகத்தை என் முந்தானையில் துடைத்துக்கொண்டு, “அக்கா, யார்ட்டயும் சொல்லிராதிய. நாள் தள்ளிப் போயிருக்கு” என்றாள். “சொன்னா இறக்கி விட்டுருவாகன்னுதான் மூச்சு விடல. இந்த ஒரு ஃப்ளைட்டு மட்டும் போயிட்டு வந்துருவோம்னு நெனச்சேன்.”

எனக்கு வந்ததே கோபம்! “அறிவிருக்கா உனக்கு? இப்படி மறைச்சிட்டா வருவாங்க? ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?” என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். திட்டித் தீர்த்துவிட்டுக் கட்டியும் பிடித்துக்கொண்டேன். என் தோளிலேயே கொஞ்ச நேரம் கிடந்தாள்.

மார்ச் 19

காலையில் கண்ணாடியில் பார்த்தேன். கழுத்தில் நான்கு, மார்பில் ஏழெட்டு. நடுவில் நீர்.

அண்ணி பார்த்தார். கட்டிலில் வேப்பிலை பரப்பினார். “வாசல்லயும் சொருவிடட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். கம்பெனியில் இருந்து யாராவது வந்தால்?

படுத்துக்கொண்டு யோசித்தேன். சின்ன வயதில் பார்த்த அந்த வேப்பிலைப் படுக்கை என்னுடையது இல்லை. என் கூடப்பிறந்த அக்காவுடையது. என்னை அன்றைக்கே ஆரணியில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்புமுன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். இது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது என்று எழுத ஆசை.

மார்ச் 20

பேப்பரில் சின்னச் செய்தி. ஜனாதிபதிக்கு லேசான காய்ச்சல், இரண்டு நாள் நிகழ்ச்சிகள் ரத்து. என் விரல் பட்ட விரல்! நாட்டுக்கே ராசா, அவருக்கு என்னால் அம்மை என்றால் என்னைச் சும்மா விடுவார்களா? சிபிஐ வருமா? இவர் வேலை போகுமா? வானொலி, தூர்தர்ஷன் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிடக்கிறேன். கண்ணைத் திறந்தால் எரிகிறது. மாரியாத்தா, அந்தக் கிழவரை விட்டுவிடு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் படுத்து.

இவர் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் வழியில் தெரிந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்த வயசுக்காரருக்கெல்லாம் சின்னப் பிள்ளையிலேயே போட்டிருக்குமாம். மறுபடி வராதாம். நீ அவரப் பத்திக் கவலப்படாத. முழுகாம இருக்குற பொம்பளைங்களுக்குத்தான் ஆபத்தாம், வயித்துல இருக்குற பிள்ளைக்குக் கண்ணு, கை கால்னு கோளாறு வருமாம். பட்டு நாலு நாளுக்குள்ள ஒரு ஊசி போட்டா தப்பிக்க வழி இருக்காம். உன்கூட அப்படி யாராச்சும் இருந்தாங்களா?”

“யாரும் இல்ல.”

“யோசிச்சுச் சொல்லு.”

“அதான் இல்லங்கிறேன்ல? ஏன் போட்டுப் பிடுங்குறீங்க?” என்று கத்தினேன். எழுந்து போய்விட்டார்.

யாரிடமும் சொல்லாதே என்றுதானே அவள் கேட்டாள். நான் சொன்னால் அவள் வேலை போகும். அவளுக்காகத்தான்.

மார்ச் 21

காலை ஏழு மணிச் செய்தியில் சொன்னார்கள். ஜனாதிபதிக்குத் தொண்டைக் கரகரப்புதான், நலமாக இருக்கிறார். எழுந்து உட்கார்ந்தேன். நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நேற்று நாள் முழுக்கக் கிழவரைப் பற்றிப் பதறியது எதற்கு என்று எனக்கே விளங்கிவிட்டது. பெரிய ஆளைப் பற்றிப் பதறிக்கொண்டிருந்தால் பக்கத்தில் நின்றவளை நினைக்க வேண்டியதில்லை பார்.

செண்பகத்தின் பக்கத்து வீட்டு நம்பருக்குச் சுழற்றினேன். மணி அடித்தது. எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். மறுபடி சுழற்றினேன். மறுபடி வைத்தேன். சீ, நானும் ஒரு பெண்பிள்ளையா!

பதினோரு மணி இருக்கும். கேட்டில் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தால் செண்பகம். கையில் ஒரு பழுப்புக் கவர், மல்லிகைப்பூ, முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் வேப்பிலை இல்லை. அவளுக்கு என்ன தெரியும்? கொக்கியைத் தூக்கிவிட்டாள்.

“உள்ள வராத! அங்கயே நில்லு!”

திடுக்கிட்டு நின்றாள். “ஏக்கா, என்ன?”

“எனக்கு அம்மை போட்டிருக்கு.”

முதலில் சிரித்தாள். “அதுக்கு ஏங்க்கா இப்பிடிக் கத்துதிய?” பிறகு சிரிப்பு நின்றது. கை தானாக வயிற்றுக்குப் போனது. “எப்ப போட்டுச்சு?”

“முந்தாநாள்.”

“அப்ப ஃப்ளைட்ல…”

“ம்.”

“உங்களுக்கு எங்கன இருந்து வந்துச்சு?”

இங்கே ஒரு சந்து இருந்தது. ஓட்டலில் யாரிடமிருந்தோ, விமானத்தில் யாரிடமிருந்தோ என்று சொல்லிவிட்டு அதில் நுழைந்து போயிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“சுடருக்கு வந்துச்சு. நாம பம்பாய் போறதுக்கு முன்னாடியே.”

“டாக்டரு கேட்டாருல்லா?”

“இல்லைன்னு சொல்லிட்டேன்.”

அவள் என்னைத் திட்டவில்லை. விமானத்தில் நான் அவளை வாங்கிய வாங்கில் பாதியாவது வாங்கியிருக்கலாம். கேட்டைப் பிடித்தபடி நின்றாள். தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

“உனக்குச் சின்ன வயசுல போட்டிருக்கா செண்பகம்?”

“எங்க வீட்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுச்சு. என்ன மட்டும் அத்த வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டாக.”

நானும் அப்படி விடப்பட்டவள்தான் என்று சொல்லவா? “இன்னிக்கே கம்பெனி டாக்டர்கிட்டப் போ. ஒரு ஊசி இருக்காம். இன்னிக்கே போடணுமாம். எல்லாத்தையும் சொல்லு. என் பேரச் சொல்லு.”

“சொன்னா உங்க வேல போயிரும்லா.”

“போகட்டும்டி! போ, நிக்காத, போ!”

கவரைச் சுற்றுச்சுவர் மேல் வைத்தாள். காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லைத் தேடி எடுத்து அதன்மேல் வைத்தாள். கேட்டைச் சாத்தினாள், கொக்கியைப் போட்டாள், திரும்பி நடந்தாள். வாரேன் என்று சொல்லவில்லை. எங்கே போனாலும் வாசலில் நின்று மூன்று தடவை “வாரேங்க்கா” சொல்கிற பெண். அம்மை போட்ட வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டேன். சாவு வீட்டிலும் சொல்லிக்கொள்ளாமல்தான் போவார்கள்.

அண்ணி கவரை எடுத்து வந்தார். பெரியவர் நடுவில் நிற்க நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்ட போட்டோ. கீழே அவர் கையெழுத்து. நானும் செண்பகமும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறோம். நான் நன்றாக விழுந்திருக்கிறேன்.

“அண்ணி, வேப்பில ஒடிச்சிக் குடுங்க” என்றேன். நானே எழுந்து போய் நிலையில் செருகினேன்.

மார்ச் 23

டிசோசா போன் செய்தார். இனி பறக்க வேண்டாம். விசாரணை முடிந்தபிறகு கவுன்டரா, வீடா என்று சொல்வார்களாம். சரி சார் என்றேன். செண்பகத்துக்கு ஊசி போட்டார்களா என்று கேட்டேன். “அன்று சாயங்காலம் போட்டோம். இப்ப கேட்க வந்துட்டியா?” என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 5

இவர் விசாரித்துக்கொண்டு வந்தார். ஊசி போட்டும் செண்பகத்துக்கு வந்துவிட்டதாம். கொஞ்சம்தானாம். விரல்விட்டு எண்ணிவிடலாமாம். பிள்ளைக்கு என்ன என்று பிறந்தால்தான் தெரியும் என்கிறார்கள்.

சாக்லேட் பெட்டியைத் திறக்கவே இல்லை. சுடர் கேட்டு அழுதாள். அடித்துவிட்டேன். பிறகு அவளோடு உட்கார்ந்து நானும் அழுதேன்.

ஆகஸ்ட் 18

கவுன்டரில் நல்ல கூட்டம். செண்பகத்துக்கு இன்று வளைகாப்பு என்று கூட வேலை செய்கிறவள் சொன்னாள். எனக்கு அழைப்பில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு எதிர்பார்ப்பேன்? மேலே எதுவோ ஒரு விமானம் போனது, அண்ணாந்து பார்க்கவில்லை.

நவம்பர் 9

போன். எடுத்ததும் “அக்கா, செண்பகம் பேசுதேன்” என்றது குரல்.

“பொண்ணு பெறந்திருக்கா. போன வாரம். கண்ணு, காது, கையி, காலு எல்லாம் டாக்டரு பாத்துட்டாரு. நானும் தெனம் பாக்கேன். ஒண்ணும் இல்லக்கா. நல்லாருக்கா.”

போனைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தாயே, தாயே என்று எத்தனை தடவை சொன்னேனோ.

“நான் வந்து ஒரு தடவ பாக்கட்டுமா செண்பகம்?”

பின்னால் குழந்தை சிணுங்குவது கேட்டது.

“சுடர் நல்லாருக்காளா?” என்றாள்.

“இருக்கா.”

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள். அன்றைக்குப் போலவே வாரேன் என்று சொல்லவில்லை.

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டு நிலையில் இப்போது வேப்பிலை இல்லை, இது அம்மை போட்ட வீடும் இல்லை.